கடல் இறங்கின நேரத்தில் வீடு காட்டுகிறவன்

பெற்றவர்கள் அவனுக்கு ஒரு பேர் வைத்திருந்தார்கள். அது அரசாங்கக் காகிதங்களில் பத்திரமாகத் தூங்குகிறது. ஊருக்கு அவன் சதுரடி. தொழில், வீட்டுத் தரகு. சாவு வீட்டுக்குப் போனாலும் செத்தவரைப் பார்ப்பதற்கு முன்னால் கூடத்தின் நீள அகலத்தைப் பார்ப்பான். அடுத்த வாரமே அந்தக் கூடத்துக்கு ஆள் கொண்டுவருவான். அழுகிற வீட்டில் சாவி கேட்கிற ஜென்மம் என்று அவனைத் திட்டாதவர்கள் இல்லை. திட்டினவர்களே மறுமாசம் போன் போட்டு, "தம்பி, மாடி போர்ஷன் காலியா இருக்கு, நல்ல ஆளா பாரு" என்றார்கள். யோக்கியன் வருகிறான், சொம்பை எடுத்து உள்ளே வை என்பார்கள். இந்த ஊர் சொம்பை அவன் கையிலேயே கொடுத்து வைத்தது.

முதலில் மீன்பிடித் துறையில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான். அப்போது ஊர் சின்னது. நாலு கப்பல் வரும், நாலு கப்பல் போகும். பிறகு என்ன வந்ததோ, கம்பெனிகள் வந்தன. கம்பெனிக்குப் பின்னால் ஆட்கள் வந்தார்கள். சர்க்கரை கொட்டின இடத்தில் எறும்பு வருகிற மாதிரி வந்தார்கள். எறும்பாவது வரிசையாக வரும். இவர்கள் ரயிலை விட்டு இறங்கினதும் ஒருத்தன் காலை ஒருத்தன் மிதித்துக்கொண்டு வந்தார்கள்.

வந்தவனுக்கு முதல் கவலை சாப்பாடு இல்லை, பை. பசியை ஒருவேளை தள்ளிப்போடலாம். பையைக் கையில் தூக்கிக்கொண்டு எவ்வளவு நேரம் தெருவில் நிற்பது? இதைக் கண்டுபிடித்த அன்றைக்கே சதுரடி ஐஸ் உடைக்கிற உளியைக் கீழே போட்டான்.

ஐஸ் வேலையில் அவன் கற்றுக்கொண்டது ஒன்றுதான். கடல் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்பது. அது தெரிந்தால்தான் படகு எப்போது கரைக்கு வரும் என்று தெரியும். அந்த ஒரு படிப்பை வைத்துக்கொண்டு ஆயுசு முழுவதும் பிழைத்தான்.

விஷயம் இதுதான். கடலோரம் முழுக்கப் பள்ளம். உப்பங்கழியைத் தூர்த்து, செம்மண்ணைக் கொட்டி, அதன் மேல் கட்டடம் கட்டி வைத்திருந்தார்கள். அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் கடல் ஏறினால் சாக்கடை திரும்பி ஓடும். மழை வேண்டாம், புயல் வேண்டாம். வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே குளியலறை ஓட்டையில் கொடகொடவென்று சத்தம் வரும். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள் கணுக்கால் அளவு கறுப்புத் தண்ணீர். கடல் இறங்கினால் அதுவும் இறங்கிவிடும். தரையைக் கழுவி, கொஞ்சம் வாசனை மருந்து தெளித்தால் கல்யாணப் பெண் மாதிரி வீடு நிற்கும். சதுரடி அந்த நேரத்தில்தான் சாவியை எடுப்பான்.

"ஏம்ப்பா, தண்ணி கிண்ணி வருமா?" என்று வந்தவன் கேட்பான்.

"தண்ணியா? குழாயில வந்தாப் போதும்னு ஊரே ஏங்குது, நீங்க வேற!" என்று சிரிப்பான்.

வந்தவனும் சிரிப்பான். முன்பணம் கொடுத்த பிறகு சிரிப்பு நின்றுவிடும். கேக்கிறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதுன்னு சொல்லலாம் என்று அவன் பெண்டாட்டியிடம் பெருமை அடித்துக்கொள்வான். அவளும் பழகிவிட்டாள்.

ஊரை விற்கிறவன் அவன் ஒருத்தன்தானா? வருஷத்துக்கு ஒருமுறை பெரிய ஹோட்டலில் கூட்டம் போடுவார்கள். கழுத்தில் பேர் அட்டை கோத்த பட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு அதிகாரிகள் வருவார்கள். திரையில் கடலைக் காட்டுவார்கள். இறங்கின கடலைத்தான் காட்டுவார்கள், அதில் அவர்களுக்கும் சதுரடிக்கும் வித்தியாசம் கிடையாது. "ஜனத்தொகை ஏறிக்கொண்டே போகிறது, அதுதான் நம்முடைய பலம், தொழில் செய்ய இதைவிடத் தகுந்த கடலோரம் கிடையாது" என்று ஒருத்தர் பேசுவார். கை தட்டுவார்கள். ஏறின ஜனம் எங்கே படுக்கும், எங்கே வெளிக்குப் போகும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. சதுரடி பின்வரிசையில் நின்றுகொண்டு எல்லாரையும்விட பலமாகக் கை தட்டுவான். ஒவ்வொரு தலையும் அவனுக்கு ஒரு அறை.

வீட்டுக்காரர்களுக்கும் அவன்தான் வாத்தியார். முன்பெல்லாம் வீட்டுக்காரர்கள் ஆளைப் பார்த்து, இரண்டு வார்த்தை பேசி, வீட்டைக் கொடுத்துவிடுவார்கள். அது என்ன மடத்தனம் என்று இவன்தான் திருத்தினான். வீட்டிலேயே தொழில் பார்க்கிறவர்களை வைக்காதீர்கள், கரண்ட்டையும் சுவரையும் தின்றுவிடுவார்கள். வயசானவர்கள் வந்தால் கிளப்ப முடியாது. சொந்தக்காரன் என்று சிபாரிசு வந்தால் கதவையே திறக்காதீர்கள். இப்படிச் சொல்லிச் சொல்லி, ஒரு வீட்டில் வருஷக்கணக்காக யாரும் குடியிருக்காதபடி பார்த்துக்கொண்டான். ஆள் மாறினால்தானே தரகனுக்கு வேலை.

இந்த லட்சணத்தில் அவனுக்கு ஒரு அக்கா இருந்தாள். தாய் போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள். தையல்காரி. ஹோட்டல் சிப்பந்திகள் சட்டையைப் பிடித்துத் தைப்பது, பேன்ட் நீளம் குறைப்பது, பட்டன் வைப்பது, இதுதான் அவள் வேலை. வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே பேசுவாள். குண்டூசியும் விழாது, வார்த்தையும் விழாது. அவள் புருஷன் துறைமுகத்தில் காவல் வேலை பார்த்து ஓய்ந்தவர். முழங்கால் போய்விட்டது, வாய் போகவில்லை.

அவர்கள் குடியிருந்தது பழைய துறைமுகத் தெருவில் ஒரு மூன்று மாடிக் கட்டடம். அந்தக் காலத்துக் கப்பல் வியாபாரிகள் மேட்டில் கட்டினது. கடல் எவ்வளவு ஏறினாலும் அந்த வாசலை எட்டாது. கீழ்த்தளத்தில் பின்பக்கம் ஒரு பெரிய அறை. ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின், எதிர்ப்பக்கம் கட்டில், மூலையில் அடுப்பு. மாமா படி ஏறாமல் தெருவுக்குப் போகலாம், வரலாம்.

அந்தக் கட்டடத்தின் மேல் ஒரு கம்பெனியின் கண் விழுந்தது. அடுத்தவன் செய்த சாமானை அடுத்தவன் வீட்டுக்கு அனுப்பி, நடுவில் தான் கொழுக்கிற கம்பெனி. அதற்கு இடம் பார்க்க ஒரு அம்மா வந்தாள். கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு, கட்டடத்தை அல்ல, மொட்டை மாடியிலிருந்து தெரிந்த கடலைப் பார்த்தாள்.

"எங்களுக்கு மொத்தக் கட்டடமும் வேணும். ஆள் யாரும் இருக்கக் கூடாது. எப்பக் குடுப்பீங்க?"

"நாளைக்கே மேடம்" என்றான் சதுரடி. அவனுக்கு எல்லாமே நாளைக்கே.

வீட்டுக்காரர் எண்ணெய்க் கடை வைத்திருந்தவர். "எல்லாரையும் நீயே கிளப்பிடு" என்று மட்டும் சொன்னார். சதுரடி கிளப்பினான். மாடியில் இருந்த கப்பல் குமாஸ்தா, பெயின்டர் குடும்பம், நர்ஸ் பெண்கள் என்று ஒவ்வொருவராகப் பேசி, மிரட்டி, பள்ளத்து வீடுகளைக் காட்டி அனுப்பினான். கடைசியில் அக்கா மிஞ்சினாள்.

"போறேன்டா. நான் என்ன கட்டடத்தை முந்தானையிலயா முடிஞ்சு வச்சிருக்கேன்? கீழ்வீடா இருக்கணும், உங்க மாமாவால படி ஏற முடியாது. மெஷின் போட ஜன்னல் வேணும். தண்ணி வரக் கூடாது. காட்டு, அன்னைக்கே பெட்டியைக் கட்டறேன். அது வரைக்கும் இங்கதான்."

"உனக்கு இல்லாத வீடாக்கா? ஊர்ல பாதி சாவி என் இடுப்புல இருக்கு."

மாமா கட்டிலில் இருந்தபடி, "சாவி இருக்கு மாப்ளே, வீடு இருக்கான்னு பாரு" என்றார்.

பார்த்தான். மேட்டுப் பக்கத்தில் பாங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வீடு கட்டியிருந்தார். கீழ்த்தளம் காலி. போய் நின்றான்.

"யாருக்குப்பா?"

"எங்க அக்காவுக்குத்தான் சார். புருஷன் பெண்டாட்டி ரெண்டே பேரு. சத்தம் கித்தம் கிடையாது."

"என்ன வேலை?"

"அக்கா தையல் சார். மாமா வீட்லதான் இருக்காரு, முழங்கால் கொஞ்சம்…"

பாங்க்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏன்யா, வீட்ல தொழில் பண்றவங்களை வைக்காதீங்கன்னு எனக்கு யார் சொன்னது?"

"சார், இது எங்க அக்கா சார்."

"அது வேறயா! வயசானவங்களை வைக்காதீங்க, சொந்தக்காரன்னு வந்தா கதவையே திறக்காதீங்கன்னு சொன்னதும் நீதானே? மூணையும் ஒண்ணாச் சேத்துக் கட்டி ஒரே ஆளாக் கொண்டு வந்திருக்கியே! போயிட்டு வா. கம்பெனிப் பையன் எவனாவது இருந்தாக் கூட்டிட்டு வா."

அடுத்த வீட்டிலும் அதே பாட்டு. அதற்கடுத்த வீட்டில் அந்த அம்மாள் கதவைத் திறக்காமலே ஜன்னல் வழியாகப் பாடினாள். மேட்டில் இருந்த ஒரு வாசல் விடாமல் ஏறி இறங்கினான். அவன் சொல்லிக் கொடுத்த பாடத்தை அத்தனை பேரும் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார்கள். பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியாருக்கும் இப்படிப்பட்ட பிள்ளைகள் வாய்த்திருக்க மாட்டார்கள்.

இந்தப் பக்கம் கம்பெனி அம்மா போன் மேல் போன். "இன்னும் ஒரு குடும்பம் இருக்காமே? நாங்க வேற இடம் பாத்துக்கட்டுமா?" என்றாள். இத்தனை பெரிய கட்டடத்தை அவன் அதுவரை கைமாற்றினது இல்லை. இது முடிந்தால் அடுத்த கூட்டத்தில் அவனும் கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்காரலாம்.

மனுஷனுக்கு ஆசை வந்துவிட்டால் அக்கா என்ன, ஆத்தா என்ன. உப்பங்கழிப் பக்கம் ஒரு புதுக் கீழ்வீட்டின் சாவியை எடுத்தான். காலையில் கடல் இறங்கின நேரம் பார்த்து, டாக்ஸி வைத்து அக்காவையும் மாமாவையும் கூட்டிப் போனான். டாக்ஸி வைத்தபோதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பஸ்ஸில் அவளுக்கு டிக்கெட் எடுத்தே அவனுக்குப் பழக்கம் கிடையாது.

வீடு பளிச்சென்று இருந்தது. பெரிய ஜன்னல், கண்ணைப் பறிக்கிற வெளிச்சம். தரையில் வாசனை மருந்து மணத்தது. அக்கா ஒருமுறை சுற்றி வந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு."

"நான்தான் சொன்னேனே! வா, போயி சாமான் கட்டலாம். சாயங்காலம் வண்டி சொல்லிடறேன்."

"இரு. கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரேன்."

"எதுக்குக்கா?"

"வாழப்போற வீடுடா. உக்காந்து பாக்கக் கூடாதா?"

வெள்ளையடித்தவர்கள் விட்டுப்போன இரண்டு காலி வாளிகள் கிடந்தன. ஒன்றைக் கவிழ்த்து மாமாவை உட்கார வைத்தாள். இன்னொன்றில் தான் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு சட்டையை எடுத்துப் பட்டன் தைக்க ஆரம்பித்தாள். தைக்க வேலையும் கொண்டு வந்திருந்தாள், பாருங்கள்.

சதுரடி முதலில் சிரித்தான். பிறகு டாக்ஸிக்காரன் கத்துகிறான் என்றான். "அனுப்பிடு" என்றாள். மாமாவுக்குப் பசிக்கும் என்றான். மாமா, "எனக்கென்ன அவசரம் மாப்ளே, காவல்காரனுக்கு உக்காந்திருக்கிறதுதானே வேலை" என்றார். கம்பெனி அம்மாவிடமிருந்து போன் வந்தது. "சாவி கையிலதான் இருக்கு மேடம், வந்துட்டே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, இருந்த இடத்திலேயே நின்றான். ஜன்னல் வழியாக உப்பங்கழியைப் பார்த்தான். காலையில் சேறாகக் கிடந்த இடத்தில் தண்ணீர் மினுங்கியது.

"அக்கா, போலாம்க்கா."

"ஏன்டா வேர்க்குது உனக்கு? காத்து நல்லாத்தானே வருது?"

வெயில் உச்சியைத் தாண்டினபோது குளியலறையில் கொடகொடவென்றது.

"மாப்ளே, யாரோ உள்ள குளிக்கிறாங்க போல" என்றார் மாமா.

கறுப்புத் தண்ணீர் குளியலறைக் கதவுக்கு அடியில் நாக்கை நீட்டி, தரையில் ஓடி, வாளியைச் சுற்றிக்கொண்டது. மாமா வலிக்கிற காலைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அக்கா தூக்கவில்லை. தண்ணீர் காலை நனைக்கட்டும் என்று விட்டுவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"மாசத்துல நாலு நாள்தான்க்கா இப்படி…" என்றான் சதுரடி. ஏமாந்து வந்து சட்டையைப் பிடிக்கிறவர்களிடம் சொல்கிற வசனம். பழக்க தோஷம், அக்காவிடமும் வந்துவிட்டது.

"அந்த நாலு நாள் மெஷினை எங்கடா வைப்பேன், உன் தலையிலயா?"

அவன் தரையைப் பார்த்தான். பார்க்கிறதற்குத் தரை இல்லை.

"ஊரானை நீ ஏமாத்துறப்ப எல்லாம் எனக்குத் தெரியும்டா. வயித்துப் பொழப்பு, நம்ம பையன்தானேன்னு வாயை மூடிட்டிருந்தேன். மாடியில இருந்த பெயின்டர் பெண்டாட்டி பச்சைக் குழந்தையோட போனப்பவும் மூடிட்டுத்தான் இருந்தேன். அதுக்கு எனக்கு இது வேணும். எழுந்திரிங்க, போலாம்."

சட்டையை மடித்துப் பையில் வைத்தாள். மாமாவைத் தோளில் தாங்கிக்கொண்டு அந்தச் சாக்கடைக்குள்ளேயே நடந்து வெளியே போனாள். சதுரடி இன்னொரு பக்கம் தாங்கப் போனான். மாமா கையை உதறவில்லை. கொடுக்கவும் இல்லை.

இனி தம்பி காட்டுகிற வீடே வேண்டாம் என்று அந்த வாரமே அவள் வீட்டைக் காலி செய்தாள். எண்ணெய்க் கடைக்காரரிடம் நேராகப் போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டாள், தம்பி கையில் கொடுக்கவில்லை. எங்கே போனாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. தெருவில் கேட்டான். வண்டிக்காரனைக் கேட்டான். தெரிந்தவர்களும் சொல்லவில்லை.

கம்பெனி வந்தது. முன்பக்கச் சுவரை இடித்துக் கண்ணாடி வைத்தார்கள். அக்கா மெஷின் போட்டிருந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் செடி வைத்தார்கள். அடுத்த வருஷக் கூட்டத்தில் அந்தக் கட்டடத்தைத் திரையில் காட்டி, இந்தக் கடலோரத்தின் கவர்ச்சிக்கு இதுவே சாட்சி என்று பேசினார்கள். சதுரடிக்கு முன்வரிசை கிடைக்கவில்லை. வழக்கம்போல் பின்னால் நின்று கை தட்டினான்.

சாட்சி ரொம்ப நாள் நிற்கவில்லை. உலகத்தில் கடலுக்கா பஞ்சம்? இன்னொரு கடலோரம், வரி வேண்டாம், நிலம் சும்மா தருகிறோம், வா என்று கூப்பிட்டது. கம்பெனி செடியைக்கூட எடுக்காமல் போய்விட்டது. கறுப்புக் கண்ணாடி அம்மா இவன் போனை எடுப்பதில்லை. கட்டடம் பூட்டிக் கிடந்தது. வேறு கம்பெனி எதுவும் வருகிற வழியாகக் காணோம். எண்ணெய்க் கடைக்காரர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சும்மா கிடந்து என்ன பண்றது? பழையபடி குடும்பங்களை வை" என்று சதுரடியிடமே சாவியைக் கொடுத்தார்.

அந்தக் கீழ் அறையை யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டு அவன் அக்காவைத் தேடினான். திருந்திவிட்டான் என்று யாரும் நினைக்க வேண்டாம். அக்காவை அவள் இடத்தில் திரும்ப உட்கார வைத்துவிட்டால், நடந்தது நடக்காதது ஆகிவிடும் என்று ஒரு கணக்கு. ஒரு ஹோட்டல் சிப்பந்தியின் சட்டையில் அவள் தையலைப் பார்த்து, அவன் வாயைக் கிளறி, ஒருவழியாகக் கண்டுபிடித்தான்.

ஹோட்டலின் சலவைக் கூடத்துக்கு மேலே ஓர் அறை. துணி வேக வைக்கிற கொதிகலனுக்கு நேர் மேலே. படி செங்குத்தாக ஏறியது. மேலே மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் இறங்கி ரொம்ப நாளாயிற்று என்பது பார்த்தாலே தெரிந்தது. முகம் வெளுத்திருந்தது.

"வா மாப்ளே. வீடு பாக்க வந்தியா?"

உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தரையிலிருந்து சூடு ஏறியது. அக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

"அக்கா, அந்தக் கம்பெனி போயிடுச்சு. நம்ம ரூம் காலியா இருக்கு. அதே ரூம், அதே ஜன்னல். வீட்டுக்காரர்கிட்டப் பேசிட்டேன். அங்க மாமா படி ஏறி இறங்க வேண்டாம். இன்னைக்கே வந்துடுங்க."

மெஷின் நின்றது. வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினாள். மாமா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆசைதான். அந்தத் தெருவை நினைத்தாரோ, முழங்காலை நினைத்தாரோ, எழுந்துகொள்கிறவர் மாதிரி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சரி. திரும்ப எப்பக் காலி பண்ணணும்?" என்றாள்.

இன்னொருத்தியாக இருந்தால் சதுரடி ஆயுசுக்கும் உங்க வீடுதான் என்று கையடித்துச் சத்தியம் செய்திருப்பான். எண்ணெய்க் கடைக்காரர் மறுபடியும் கம்பெனி தேடிக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியும். தேடச் சொல்லியிருந்ததும் இவனிடம்தான்.

"அடுத்த கம்பெனி வர்ற வரைக்கும்க்கா."

அக்கா புருஷனைப் பார்த்தாள். அவர் கொஞ்ச நேரம் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"உண்மையைச் சொல்லிட்டே. அதுக்கு ஒரு டீ குடிச்சிட்டுப் போ" என்றாள்.

பிளாஸ்க்கிலிருந்து ஊற்றிக் கொடுத்துவிட்டு மெஷினுக்குத் திரும்பிவிட்டாள். உட்காரச் சொல்லவில்லை, உட்கார இடமும் இல்லை. அவன் வாசலில் நின்றபடியே குடித்தான். மாமா டம்ளரை வாங்கிக்கொண்டு, "பாத்து இறங்கு மாப்ளே, படி ஒசரம்" என்றார்.